நம்பர் பூட்டுக்கு எதுக்குய்யா சாவி ஓட்டை?

மக்களே, ஆணி புடுங்கின நேரம் போக எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு: சாவி இல்லாம பூட்டு திறக்கறது. என் சொந்தப் பூட்டைத்தான், போலீசுக்கு போன் போட்டுடாதீங்க :)

வள்ளூர்ல என்னோட ரூம்ல இருக்கற அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கறவர். ஊருக்குப் போக தகரப்பெட்டி கட்டி, மூணு சக்கர நம்பர் பூட்டு ஒண்ணு வாங்கி மாட்டினார். அடியில பொடிசா ஒரு சாவி ஓட்டை, பக்கத்துல டிஎஸ்ஏ007னு எழுத்து. "கடைக்காரன் சாவி தரலையேப்பா"ன்னு வருத்தம் வேற.

தரவே மாட்டாங்க. அந்தச் சாவி அமெரிக்க ஏர்போர்ட்ல பெட்டி சோதிக்கறவங்களுக்கு. 2014ல வாஷிங்டன் போஸ்ட் அந்த மாஸ்டர் சாவிகளோட போட்டோவையே போட்டுடுச்சு. 2015ல 3டி பிரிண்டர்ல அடிச்சுக்கற மாதிரி டிசைனும் நெட்ல வந்தாச்சு. (ஓட்டையே இல்லேன்னாலும் மூணு சக்கரத்துக்கு மொத்தம் 1000 எண்தான். ஒண்ணுக்கு ரெண்டு செகண்ட்னா அரை மணி சொச்சம்.)

அவரைக் கேட்டுக்கிட்டுதான் ரெண்டு கம்பி விட்டுத் திறந்து காட்டினேன். பூட்டு மேல வரவேண்டிய கோபம் என் மேல வந்துச்சு. "படிச்ச புள்ள கத்துக்கற வேலையாப்பா இது?"

1851ல லண்டன்ல ஹாப்ஸ்ங்கற அமெரிக்கர், 60 வருஷமா யாரும் திறக்காத பிராமா பூட்டை 51 மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்தப்பவும் இந்தச் சண்டை நடந்திருக்கு. இதெல்லாம் திருடனுக்கு ஏற்கெனவே தெரியும்கறதுதான் அவர் வாதம். நானும் அந்தக் கட்சிதான். நாலு மாச ஓவர்டைம் காசை உள்ள வெச்சுட்டு ரயில்ல தூங்கறவருக்குத் தெரிய வேணாமா?

கடைசியில மீஞ்சூர் போய் திண்டுக்கல் பூட்டு (2019ல புவிசார் குறியீடு வாங்கின அதே சரக்கு) ஒண்ணு வாங்கிட்டு வந்தார். "எங்க, இதைத் திற பாப்போம்."

ரெண்டு ராத்திரி ஆச்சு. அவ்வ்வ்வ்.