அத்தையின் பூப்போட்ட உறை



சென்ற மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மயிலாடுதுறையிலிருந்து அத்தை போன் செய்தார். அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எடுத்தவுடன், "ஒண்ணும் பயப்படாதடா, சும்மாதான்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "புரை எடுத்த கண்ணுல திரும்பவும் புரை வருமாடா? கம்ப்யூட்டர்ல வெள்ளைத் தாளெல்லாம் மஞ்சளாத் தெரியுது. நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருக்கேன்."

"சுவத்துல காலண்டர் இருக்குல்ல, அது எப்படித் தெரியுது?"

"அது வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்ப உங்க கண்ணு நல்லா இருக்கு அத்தை. வயருதான் சரியில்ல."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பத்து நாளாக அந்த மஞ்சளைத் தன் கண்ணிலேயே சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

மானிட்டரையும் பெட்டியையும் இணைக்கும் நீலத் தலை கொண்ட பழைய விஜிஏ கேபிளில் 15 ஊசிகள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசி வழியாகப் போகின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் திரையில் வெள்ளை. நீலத்துக்கான ஊசி மட்டும் சரியாகத் தொடாமல் போனால், மிச்சமிருக்கும் சிவப்பும் பச்சையும் கலந்து வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிடும். பச்சை விட்டுப்போனால் எல்லாம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். இதைச் சொன்னபோது அத்தை பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள், "அதோட இன்னொண்ணும் இருக்கு" என்றார். இரண்டு மாதமாக, உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறதாம்.

"ரெண்டு மாசமா? ஏன் அத்தை சொல்லல?"

"நீ வேலையா இருப்பே. போன தடவை கேட்டப்ப உன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு."

அந்தப் போன தடவை எனக்கு நினைவிருக்கிறது. இதழ் அச்சுக்குப் போகும் நாள் அது. "எத்தனை தடவை அத்தை சொல்றது" என்று கேட்டிருந்தேன். சனிக்கிழமை எழும்பூரில் ரயில் ஏறிவிட்டேன்.

என் அத்தைக்கு வயது 76. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தட்டச்சராக இருந்தவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேறியவர். தமிழ்99 விசைப்பலகை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அவர் விரல்கள் இன்றும் 'யளனக' வரிசையில்தான் போய் உட்காரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு அமைத்துக் கொடுத்த வரிசையின் வழி வந்தது அது. கம்ப்யூட்டரிலும் அதே வரிசையைத் தேர்ந்துகொள்ள முடிகிறது என்று தெரிந்த நாளில்தான் அத்தை இந்தப் பெட்டியை நம்பத் தொடங்கினார். இப்போது எங்கள் பாட்டி பாடிய நலங்குப் பாட்டுகளையும் கும்மிப் பாட்டுகளையும் நினைவிலிருந்து எடுத்து அடித்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தில் அந்தப் பாட்டுகள் முழுதாகத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான். இரண்டு மாதமாக, பாட்டு பாதியில் இருக்கும்போது திரை இருண்டு, அடித்ததெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து அடித்திருக்கிறார். தன் விரல் எங்கேயோ தப்பாகப் பட்டுவிடுகிறது என்றே எண்ணியிருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்து மூலையில் அந்த மேஜையைப் பார்த்தேன். மானிட்டருக்கு ஓர் உறை, பெட்டிக்கு ஓர் உறை. பழைய வாயில் சேலையைக் கிழித்து, உள்ளே கெட்டித் துணி கொடுத்து, சிவப்பு நூலில் ஓரம் அடித்து, சின்னச் சின்னப் பூப்போட்டுத் தைத்தவை. பெட்டியின் உறையில், பவர் பட்டன் வரும் இடத்தில் மட்டும் ஒரு துளை. சட்டைக்கு எடுப்பதுபோல அதற்குச் சுற்றிலும் காஜா எடுத்திருந்தார்.

"இதை எப்ப எடுப்பீங்க?"

"மானிட்டருக்குப் போட்டதைத்தான் தினம் எடுக்கணும். கீழே இருக்கிறதை எதுக்கு எடுக்கணும்? தூசிதானே சேரும். அதான் பட்டனுக்கு வழி விட்டிருக்கேனே."

தட்டச்சுப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இது புரியும். மெஷினைத் துடை, தூரிகையால் எழுத்துகளைச் சுத்தம் செய், உறையைப் போடு, பிறகு எழுந்திரு. தூசிதான் எதிரி. அந்த ஒழுக்கத்தோடு முப்பது வருஷம் அரசாங்க மெஷினைக் காத்தவர், தன் சொந்த மெஷினை இன்னும் கூடுதலாகக் காத்திருக்கிறார். அந்த உறைக்குள்தான் அது மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே எல்லாவற்றையும் இயக்கும் சிப்பின் தலையில் ஓர் அலுமினிய வில்லை, அதன்மேல் விசிறி. சிப்பின் சூடு வில்லைக்கு ஏறும், வில்லையின் இடுக்குகள் வழியே காற்று அதை வாங்கிக்கொண்டு வெளியே போகும். காற்று உள்ளே வரவே உறை விடவில்லை. அதையும் மீறி நுழைந்த தூசு இடுக்குகளில் இலவம்பஞ்சு போல அடைந்திருந்தது. ஒரு பல்லி முட்டை ஓடும் கிடந்தது. சிப்புக்கும் வில்லைக்கும் நடுவில் தடவும் பசை சுண்ணாம்புபோலக் காய்ந்திருந்தது. கிட்டத்தட்ட நூறு டிகிரியை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தை வெட்டிக்கொள்ளும். அத்தை பார்த்த அந்த 'தானா அணையறது' இதுதான். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தள்ளினேன். பழைய பசையைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவுக்குப் புதிதாக வைத்தேன். அரை மணி நேர வேலை. தெருமுனைக் கடையில் ஒருவர் இதே பெட்டியைப் பார்த்துவிட்டு "போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லியிருந்தாராம்.

அணைந்தவுடனே மறுபடி போட்டால் ஐந்தே நிமிஷத்தில் அணைந்துவிடும், கால் மணி நேரம் பொறுத்துப் போட்டால் கொஞ்சம் கூட ஓடும் என்பதை அத்தை கவனித்து வைத்திருந்தார். அணைவதற்கு முன்னால் 'விர்ர்'ரென்று இரைச்சல் ஏறுவதையும் கவனித்திருந்தார். நோயைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். "எரர் ஏதாவது வந்துச்சா?" என்றுதான் எல்லாரும் அவரிடம் கேட்டோம். என்ன கேட்டது, எது சுட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொலைவிலிருந்து உதவுகிற பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான்: பெரியவர்கள் கண்ணும் காதும் கையும் அறிந்ததைக் கேளுங்கள். மானிட்டரின் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவே இல்லை என்றால் மின்சாரம் வராமல் இருக்கலாம், மானிட்டரின் பட்டனே அணைந்திருக்கலாம். நிறம் மாறி ஆரஞ்சாக நின்றாலோ மினுக்கினாலோ, பெரும்பாலும் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, பெட்டியிலிருந்து படம்தான் வரவில்லை என்று பொருள். பெட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம். 'நோ சிக்னல்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்து எத்தனை பெரியவர்கள் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று கலங்கியிருப்பார்கள்!

மஞ்சளுக்கும் உறைதான் காரணம். தினமும் மானிட்டர் உறையை மாட்டிக் கழற்றும்போது அதன் ஓரம் கேபிளை இழுத்திருக்கிறது. இரண்டு பக்கத் திருகும் முடுக்கப்படவே இல்லை. முடுக்கியதும் திரை வெளுத்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆனாலும் எழுத்து தடியாத்தான் இருக்கு" என்றார். அதுவும் உண்மை. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று யாரோ திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தார்கள். அவர் மானிட்டருக்கு இயல்பான அளவு 1366க்கு 768. அதைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் இழுத்த ரப்பரைப் போலக் கலங்கிவிடும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கிக்கொள்ளலாம், தமிழ் தாங்காது. மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ண-வின் சுழி இரண்டா மூன்றா என்று தெரியாது. ரெசல்யூஷனை இயல்புக்குக் கொண்டுவந்து, டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலை 125 சதவீதம் ஆக்கினேன். எழுத்து பெரிதாகவும் ஆயிற்று, கூர்மையாகவும் நின்றது.

மானிட்டருக்கு அடியில் இரண்டு தடித்த அகராதிகள் வைத்திருந்தார்கள். கண் மட்டத்துக்குத் திரை இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் செய்த ஏற்பாடு. அத்தை போடுவது பைஃபோகல் கண்ணாடி. கிட்டப் பார்க்கும் வில்லை அதில் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை உயர்ந்தால் மோவாயைத் தூக்கித்தான் படிக்க வேண்டும். கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அகராதிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மிச்சம் இருந்தது, அணைக்கும் விஷயம். தினமும் ராத்திரி எப்படி அணைக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மானிட்டரின் பட்டனை அழுத்தினார், திரை இருண்டது, உறையைப் போட்டார். அவ்வளவுதான். கீழே பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. விடிய விடிய, உறைக்குள். வேலை இல்லாதபோது அணைகிற அளவுக்குச் சூடு ஏறாது, ஆனால் ஆறவும் ஆறாது. "காலையில தொட்டா அடுப்பு மாதிரி சுடும். கரென்ட்டுல ஓடறது சுடத்தானே செய்யும்னு நெனச்சேன்" என்றார். நாம் எல்லாருமே அந்தப் பெட்டியை 'சிபியு' என்கிறோம். அது என்ன, எது எதை இயக்குகிறது என்று அவருக்கு நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. முகம் இருக்கிற இடத்தில்தான் உயிர் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் தப்பு காண எனக்கு மனம் வரவில்லை.

ஷட் டவுன் பற்றி, தெரிந்தவர்களும் அறியாத ஒன்று இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் கொடுத்தால் அது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தூங்குவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸின் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று இதற்குப் பெயர். அதனால் நேற்றைய கோளாறு இன்றைக்கும் அப்படியே எழுந்து வரக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முதலில் ரீஸ்டார்ட். எதற்கும் அசையாமல் உறைந்து நின்றால் மட்டும் பவர் பட்டனை நான்கைந்து விநாடி அமுக்கிப் பிடிக்கலாம். நிறையப் பிள்ளைகள் போனில் இதைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். எழுதி முடியாத கோப்பு அதில் கெடக்கூடும். கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை தன் குறிப்பு நோட்டை எடுத்து வந்தார். பால் கணக்குக்குக் கீழே ஒரு போன் நம்பர். "ஒரு நாள் திரை முழுக்கச் சிவப்பா வந்து, வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்குப் போன் பண்ணுன்னு போட்டுச்சுடா. உன்னைத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு எழுதி வச்சேன். அடுத்த தடவை அணைஞ்சா கூப்பிடலாம்னு இருந்தேன்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. திரையில் போன் நம்பரோடு வருகிற எந்த எச்சரிக்கையும் மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் அன்பாகப் பேசுவார்கள், சலித்துக்கொள்ளவே மாட்டார்கள். க்விக் அசிஸ்ட், எனிடெஸ்க் போன்றவற்றைத் திறக்கச் சொல்வார்கள். நாம் சென்னையிலிருந்து ஊரிலுள்ள திரையைச் சரிசெய்ய உதவும் அதே வாசல் வழியாக அவர்கள் வங்கிக் கணக்குக்குள் போவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைக்க வேண்டும். அத்தையின் பெட்டியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வங்கி வேலை எதுவும் அதில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பாட்டு அடிக்க அது போதும். அந்த நம்பரை அவர் பேனாவால் அடித்தார். பக்கத்தில் என் நம்பரை எழுதச் சொன்னேன், அவருக்கு மனப்பாடம் என்றாலும். 'எப்ப வேணும்னாலும்' என்று நானே என் கையால் சேர்த்து எழுதினேன்.

சாயந்திரம் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். மவுஸ் முழுக்க அவர் கையில். ஷட் டவுன் பழக, மூன்று தடவை கம்ப்யூட்டரைப் போட்டு அணைத்தார். முதல் தடவை ஏழெட்டு நிமிஷம் ஆனது. அவர் தேடித் தேடிப் போகும்போது என் விரல் திரையை நோக்கி எழுந்தது; இறக்கிக்கொண்டேன். மூன்றாம் தடவை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு தானே ஒரு சீட்டு அடித்தார். நான் சொன்ன சொற்கள் எதுவும் அதில் இல்லை. அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்:

'பாட்டைச் சேமி. மூடு. விசிறிச் சத்தம் அடங்கட்டும். பெட்டியில் சின்ன விளக்கு அணையட்டும். ஸ்விட்ச்சை நிறுத்து. கை வைத்துப் பார். ஆறினால்தான் உறை.'

போன வாரம் வீடியோ காலில் கூப்பிட்டார். நாற்பத்தேழு பாட்டு முடிந்திருக்கிறதாம். பேசிக்கொண்டே பெட்டியை அணைத்தார். பிறகு குனிந்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையை அதன்மேல் வைத்தார். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்குடா" என்று சொல்லிவிட்டு, உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்