பூட்டி வைத்த கார்ட்டூனும் பூட்டாத சினிமாவும்

அமெரிக்காவின் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1968-இல் ஒரு காரியம் செய்தது. வார்னர் பிரதர்ஸ் எடுத்த பழைய கார்ட்டூன் படங்கள் பல அப்போது அதன் கையில் இருந்தன. அவற்றில் 11 படங்களைப் பொறுக்கியெடுத்து, இனி எந்தத் தொலைக்காட்சிக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்தது. எல்லாம் 1931-க்கும் 1944-க்கும் இடையே வந்தவை. ஒரு காட்சியை வெட்டினால், ஒரு வசனத்தை நீக்கினால் சரியாகிவிடும் என்ற நிலையில் அவை இல்லை. கறுப்பின மக்களைக் கேலி செய்வதுதான் கதையே. ‘தணிக்கையான 11’ என்று அவற்றுக்குப் பெயர் விழுந்தது. அதன்பின் உரிமை ஒவ்வொரு நிறுவனமாகக் கைமாறியது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அமெரிக்காக்காரன் எதையோ பூட்டி வைத்தால் சென்னை முகப்பேரில் இருப்பவருக்கு என்ன வந்தது?

வந்திருக்கிறது. முகப்பேர் ஏரித் திட்டத்திலோ நொளம்பூரிலோ கோடை விடுமுறை மதியத்தில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே டிவியிலோ கைப்பேசியிலோ ‘டாம் அண்ட் ஜெர்ரி’ ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் முகமே காட்டாத ஓர் அம்மா வருவார். தடித்த கறுப்புக் கால்கள், மடித்துவிட்ட காலுறை, கையில் துடைப்பம். பூனையைத் திட்டித் தீர்ப்பார். அவரை வீட்டுக்கார அம்மா என்று நினைத்துக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அமெரிக்காவில் அப்படி யாரும் நினைக்கவில்லை. வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்யும் பருத்த கறுப்பினப் பெண் என்ற, அந்த நாட்டு மேடையிலும் விளம்பரத்திலும் தேய்ந்துபோன அச்சில் வார்த்த உருவம் அது. 1940-இல் வந்த முதல் படத்திலிருந்து 1952 வரை வந்தார். குரல் கொடுத்த லில்லியன் ராண்டால்ஃப் கறுப்பின நடிகை. படத்தில் அவர் பெயர் போடுவதில்லை.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்ப்புத் தெரிவித்தது. 1960-களில், தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்த அம்மாவை அழித்துவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து ஒட்டினார்கள். குரலையும் மாற்றி, அயர்லாந்துச் சாயலில் பேசவைத்தார்கள். குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிடும் வேலை. கறுப்பினப் பெண்ணை இழிவாகக் காட்டியதற்குத் தீர்வு, கறுப்பினப் பெண்ணே இல்லாமல் செய்வது என்று ஆனது. ராண்டால்ஃபின் குரலும் அதோடு போனது.

‘மவுஸ் கிளீனிங்’ என்று 1948-இல் ஒரு படம். சுத்தம் செய்த வீட்டை அழுக்காக்கினால் வெளியே துரத்திவிடுவேன் என்று அந்த அம்மா மிரட்டிவிட்டுப் போவார். கடைசியில் வண்டி நிலக்கரி வீட்டுக்குள் கொட்டும். கரிக் குவியலிலிருந்து தலை நீட்டும் டாமின் முகம் கறுத்து, உதடு பெருத்து, மந்தமாக இழுத்து இழுத்துப் பேசும். அந்தக் கால அமெரிக்கச் சினிமாவில் ‘சோம்பேறிக் கறுப்பன்’ வேடத்துக்கென்றே வைத்திருந்த பேச்சு அது. 2013-இல் டாம் அண்ட் ஜெர்ரி தொகுப்பின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவர இருந்த வார்னர் நிறுவனம், இந்தப் படத்தையும் இன்னொன்றையும் சேர்க்காமல் விட்டது. சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். பாகம் முழுவதுமே வெளிவராமல் நின்றுபோனது.

ஒதுக்கி வைத்த 11-இல் மிகவும் பேசப்படுவது ‘கோல் பிளாக் அண்ட் டி செபென் டுவார்ஃப்ஸ்’. பாப் கிளாம்பெட் இயக்கி 1943-இல் வந்தது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ கதையைக் கறுப்பின மக்களை வைத்துக் கிண்டலாக மாற்றிய படம். வாய் நிறைய உதடு, இளவரசனின் முன்பற்களுக்குப் பதில் சூதாட்டத் தாயக்கட்டைகள். பார்க்கக் கூசும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. டியூக் எலிங்டனின் ‘ஜம்ப் ஃபார் ஜாய்’ என்ற இசை நாடகத்தைப் பார்த்த உற்சாகத்தில்தான் கிளாம்பெட் இதைத் தொடங்கினார். ஓவியர்களை லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின இரவு விடுதிக்கே கூட்டிப்போய் ஆட்டத்தைப் பார்த்து வரையச் சொன்னார். நாயகிக்குக் குரல் கொடுத்தவர் விவியன் டான்ட்ரிட்ஜ், ராணிக்கு அவருடைய தாயார் ரூபி டான்ட்ரிட்ஜ். இருவரும் கறுப்பினக் கலைஞர்கள். படம் வந்த ஆண்டே என்ஏஏசிபி அதைத் திரும்பப் பெறச் சொன்னது. 1994-இல் அனிமேஷன் துறையினரிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்த 50 சிறந்த கார்ட்டூன்கள் பட்டியலில் அது 21-ஆம் இடத்தில் இருந்தது.

அவமதிப்பு, அபாரத் திறமை இரண்டும் ஒரே ஏழு நிமிடப் படத்தில் இருந்தால் என்ன செய்வது? பூட்டி வைப்பதற்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை மத்தியானம் சோறு தின்றுகொண்டே பார்க்கும் நிகழ்ச்சியில் இதற்கு இடமில்லை. முகப்பேரில் இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருவதுண்டு. மருந்துக் கடை வரிசையில் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு, அதற்கு முன் அவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பருத்த உதடும் எலும்புக் கொண்டையும் என்றால், குற்றம் பிள்ளையுடையது அல்ல.

ஆனால் பிள்ளைகளின் சேனலிலிருந்து எடுப்பது வேறு, உலகத்தின் கண்ணிலிருந்தே எடுப்பது வேறு. 1968-இல் போட்ட பூட்டினால் அந்தப் படங்கள் மறையவில்லை. தெளிவில்லாத கள்ளப் பிரதிகளாகச் சுற்றின, இணையம் வந்ததும் ஒரு விளக்கமும் இல்லாமல் கைக்குக் கை போயின. பூட்டால் லாபம் அடைந்தது அவமானப்பட்டவர்கள் அல்ல, படத்தை எடுத்த நிறுவனம்தான். ‘நாங்களா, இப்படியா?’ என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. 2005-இல் அதே வார்னர் நிறுவனம் வேறொரு வழி கண்டது. பழைய கார்ட்டூன் தொகுப்பு ஒன்றின் தொடக்கத்தில், கறுப்பின நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க் தோன்றிப் பேசினார்: இவற்றில் உள்ள கேலி அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனாலும் நீக்கினால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும். 2010-இல் ஹாலிவுட்டில் நடந்த பழம்படத் திருவிழாவில் அந்த 11-இல் எட்டுப் படங்களைச் செப்பனிட்டுத் திரையிட்டார்கள். கறுப்பினத் திரை வரலாற்றாசிரியர் டொனால்ட் போகிள் முன்னுரை சொன்னார். எச்பிஓ மேக்ஸ் 2020-இல் ‘கான் வித் தி விண்ட்’ படத்தை எடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஓர் அறிஞரின் விளக்கத்தோடு திரும்பக் கொண்டுவந்தது.

இந்தியாவிலும் இதே வழக்கு நடந்தது. இங்கே கார்ட்டூன் படம் அல்ல, பாடநூலில் வந்த கேலிச்சித்திரம். 2012 மே 11 அன்று மக்களவையில் தொல். திருமாவளவன் என்சிஇஆர்டியின் 11-ஆம் வகுப்பு அரசியல் பாடநூலைப் பிரச்சினையாக்கினார். 1949-இல் சங்கர் வரைந்த சித்திரம் அதில் இருந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையை ஓங்கியபடி நிற்பார். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, நீக்குவதாக அறிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் விலகினார்கள். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்சிகரின் அறையை அடித்து நொறுக்கினார்கள்.

அடுத்த மாதமே தமிழ்நாட்டின் முறை வந்தது. 12-ஆம் வகுப்பு நூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த சித்திரம். பையனுக்கு ஆங்கிலமும் படிக்க வராது என்று கேலி செய்வது அதன் கருத்து. கருணாநிதியும் வைகோவும் கண்டித்தார்கள்; நீக்கச் சொன்னார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. முகப்பேருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் விருகம்பாக்கத்து அரங்கநாதனும் கோடம்பாக்கத்து சிவலிங்கமும் 1965 ஜனவரியில் தீக்குளித்தவர்கள். அந்த மாதமே சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்த ராஜேந்திரன், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையனைப் படிக்கத் தெரியாதவனாக வரைவதில் என்ன நகைச்சுவை? ‘தெற்கத்திப் பையன், கல்லெறியத்தான் தெரியும்’ என்ற டெல்லி, பம்பாய் எகத்தாளம் அதில் இருக்கிறது. கோல் பிளாக்கின் தடித்த உதட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பாடநூல் சித்திரங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். பல சித்திரங்களை எடுத்துவிட அது பரிந்துரைத்தது. குழுவில் இருந்த ஒருவர் மட்டும் உடன்படாமல் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். அவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். திராவிட இயக்கத்தையும் எம்.ஜி.ஆர். பிம்பத்தையும் ஆராய்ந்து எழுதியவர். தமிழர்களை அவமதிக்கிறது என்று தமிழ்நாடே கொதித்த சித்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தமிழ் அறிஞர் சொன்னதை அன்று பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்தது. அந்தச் சித்திரத்தை வகுப்பில் வைத்து, ‘இதை வரைந்தவர் யார் பக்கம் நின்று பார்க்கிறார்?’ என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தால், அண்ணாநகரிலும் அம்பத்தூரிலும் மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1965 என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். அம்பேத்கர் சித்திரத்தில் இது இவ்வளவு எளிதல்ல. சாதிப் பெயர் சொல்லிச் சிரிக்கும் வகுப்பறைகள் இருக்கும் நாட்டில், அந்தச் சாட்டையைப் பார்த்து ஒரு தலித் மாணவர் கூனிக் குறுகுவதை ‘நகைச்சுவை உணர்வு இல்லை’ என்று ஒதுக்கியவர்கள் தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்க்கவில்லை. விளக்கம் இல்லாத படம் அங்கே வலிக்கத்தான் செய்யும். விளக்கத்தைச் சேர்ப்பதுதான் வேலை.

பிறர் நம்மை வரைந்ததற்குக் கொதிக்கிறோம். நாம் நம்மையே வரைந்ததற்கு?

ஷங்கர் இயக்கி ஏவிஎம் தயாரித்த ‘சிவாஜி’ 2007-இல் வந்தது. அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள். முகத்தில் கரியை அப்பியதுபோல் ஒப்பனை. அவர்களைக் கண்டதும் நாயகன் கூட்டம் அலறி ஓடவேண்டும், அரங்கம் சிரிக்கவேண்டும். பாரியின் மகள்களுக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. கபிலர் மணம் முடித்துவைக்க ஊர் ஊராக அலைந்த பெண்களின் பெயர்கள். அதே படத்தில் ஒரு பாட்டுக்காக, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தனியே நடிக்கவைத்துப் படமெடுத்து, அவருடைய தோல் நிறத்தைக் கணினியில் ரஜினிகாந்தின் மேல் ஏற்றினார்கள். ஒவ்வொரு சட்டமாகச் செய்த வேலை. சிறப்புத் தந்திரக் காட்சிகளுக்கான தேசிய விருதும் கிடைத்தது. வார்னர் ஓவியர்கள் தூரிகையால் கறுப்பு பூசினார்கள், நம்மவர்கள் கணினியால் வெள்ளை பூசினார்கள். உழைப்பு என்னவோ ஒரே மாதிரிதான்.

இது ஒரு படத்தின் கதை அல்ல. நகைச்சுவை நடிகரின் நிறத்தைச் சட்டி, அடுப்பு, தார் என்று வர்ணித்துச் சிரிக்கவைத்த காட்சிகள் 1980-களிலிருந்து நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிரிப்புச் சேனல்களில் காலை முதல் இரவு வரை அவைதான் ஓடுகின்றன. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கூட 2020-இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. அந்த அளவு கூச்சம்கூட நம் திரைக்கு வரவில்லை.

அந்தக் காட்சிகளை வெட்டச் சொல்லவில்லை. வெட்டினால் அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். கைப்பேசியில் துணுக்குகளாகச் சுற்றும், எடுத்தவர்கள் கை கழுவிக்கொள்வார்கள். பூட்டவும் வேண்டாம். திரையில் எச்சரிக்கை போடுவது தமிழ் ரசிகருக்குப் புதிதும் அல்ல. நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் மூலையில் எழுத்து வரவேண்டும் என்பது 2012 முதல் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் விதி. 2023 செப்டம்பர் முதல் ஓடிடிக்கும் விதி. நுரையீரலைப் பற்றி இவ்வளவு அக்கறை இருக்கிறது. கறுத்த பெண்ணைக் கண்டு அலறி ஓடும் காட்சியில் மூலை காலியாகவே இருக்கிறது.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘சிவாஜி’யை அடுத்த பண்டிகைக்குப் போடப்போகும் தொலைக்காட்சியும், தன் பட்டியலில் வைத்திருக்கும் ஓடிடி தளமும் படத்துக்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கட்டும். அந்த நிமிடத்தில் ஒரு நடிகையோ ஆசிரியரோ வந்து, நிறத்தை வைத்துச் சிரிக்கவைத்தது தவறு, இருந்தும் ஏன் இந்தப் படத்தை முழுதாகக் காட்டுகிறோம் என்று தமிழில் சொல்லட்டும். கறுத்த நிறத்துக்காகவே வாய்ப்பு மறுக்கப்பட்ட நடிகை ஒருவர் அதைச் சொல்ல முன்வந்தால் இன்னும் நல்லது.