முதலில் மூச்சு, பிறகே விசாரணை

மயங்கிக் கிடக்கும் இளைஞனை மருத்துவமனை வாயிலில் இறக்கியதும் நம்மவர் நாவில் எழும் முதல் வினா, "இவன் எப்படிப்பட்டவன்?" என்பதே. மருத்துவர் அறிய விழைவதோ, "எதை உட்கொண்டான்? எவ்வளவு? எப்போது?" என்பதாகும். முன்னது தீர்ப்புக்கான கேள்வி. பின்னது உயிருக்கான கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதே நாம் செய்யும் பெரும் பிழை.

அபின் என்னும் சொல் அரபியின் 'அஃப்யூன்' என்பதோடு உறவுடையது. அதன் வலி நீக்கும் ஆற்றலையும் உயிர் கொல்லும் இயல்பையும் இப்னு சீனா அன்றே விளக்கினார். இன்று அதன் வேலையைச் செய்யும் டிரமடால், டேபெண்டடால் போன்றவை மருந்துக்கடை அட்டைகளில் வருகின்றன. திருத்தணி போன்ற எல்லையூரில் சோதனைச் சாவடியைக் கடக்க அவற்றுக்குச் சட்டைப் பையே போதும்.

எனவே அவசரப் பிரிவுக்கு வருபவர் ஒரே வார்ப்பினர் அல்லர். மாத்திரையைக் கரைத்து ஊசியேற்றிக் கை புண்ணானவன் ஒருவன். முதுகுவலிக்கு எழுதித் தந்ததை அளவு மீறி விழுங்கிய உழைப்பாளி ஒருவர். பாட்டியின் மாத்திரையை மிட்டாய் என நம்பிய மழலை ஒன்று. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை எனவும் கூறிற்று. இத்துணைப் பேரும் 'கெட்டவர்' என்னும் ஒரு சொல்லில் அடங்குவரோ?

மூச்சு மந்தமாகும்; கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும்; உதடு நீலமாகும். நலாக்சோன் என்னும் மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். எனினும் அதன் வீரியம் விரைவில் தணிவதால் மயக்கம் மீளக்கூடும், கண்காணிப்பு இன்றியமையாதது. நம் குடும்பங்களோ மானத்துக்கு அஞ்சி, "வயிற்றுவலி" என்கின்றன. டிரமடால் மிகுந்து வலிப்பு வந்தாலோ ஜின் தீண்டியதாய்க் கருதித் தாயத்துத் தேடி ஓடுகின்றன. மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் மகனின் ஆயுளிலிருந்து கழிகிறது.

காவல்துறைக்கு அஞ்சுகிறோம் என்பீர்கள். 1989இல் உச்சநீதிமன்றம், சட்டச் சடங்குகளுக்காகக் காத்திராமல் உயிர் காப்பதே மருத்துவர் கடமை என்றது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, பயன்பாட்டுக் குற்றத்திலோ சிற்றளவு பொருள் பற்றிய குற்றத்திலோ சிக்கிய அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்பு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளை நோயின் வரையறைக்குள் சேர்த்தது.

"இரக்கம் காட்டினால் போதை பெருகாதா?" என்பர் சிலர். சீட்டின்றி விற்பவன் மீது பாயாத கோபம், மயங்கிக் கிடப்பவன் மீது மட்டும் பாய்வது எவ்வகை நீதி? திருந்துவதற்கும் உயிர் வேண்டும். இறந்தவன் தவ்பாச் செய்வதில்லை.

ஜமாஅத் பெரியோரே! அவனைக் கண்டிக்க நாளை உண்டு. இன்று 108ஐ அழையுங்கள். எஞ்சிய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.