காசு ஒண்ணு, படம் ரெண்டு

ரொம்ப நாளா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கிட்டு இருந்த விஷயம், இன்னிக்கு கொட்டிடறேன். "லினக்ஸ்ல வீடியோ சரியா ஓடாது"ன்னு இனிமே யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். ஓடாம இல்லைங்க, ஓட விடாம வெச்சிருக்காங்க. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

எங்க வீட்டு லேப்டாப் மாமா ஆபீஸ்ல ஓட்டித் தேய்ச்சுட்டுக் குடுத்தது. 2014 மாடல், 4 ஜிபி ராம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுது. மேல ஒரு வருஷத்துக்கு ஒட்டுப் போட்டு ஓட்டலாம்னாங்க, சரி, அதுக்கப்புறம்? விண்டோஸ் 11 இந்த சிப்புக்குக் கிடையாதாம். நல்லா ஓடற வண்டியை காயலான் கடைக்குப் போடச் சொன்னா எப்படி? லினக்ஸ் மின்ட் போட்டேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லைங்க, பி.காம். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. போடும்போதே மல்டிமீடியா கோடெக் வேணுமான்னு ஒரு கட்டம் கேக்கும், அதுல டிக் அடிச்சுட்டாப் போதும். (உபுண்டுக்காரங்க 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்'னு ஒரு பேக்கேஜ் தனியா போட்டுக்கணும்.) இதைத் தனியா கேக்கறதுக்குக் காரணம் எச்.264 மாதிரி வீடியோ முறைகள்ல இருக்கற பேட்டன்ட். கோடெக்கை எழுதத் தெரியாம இல்ல.

அடுத்து யூடியூப். படம் ஓடுச்சு, கூடவே ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துச்சு. ஏன்னா யூடியூப் இப்ப பெரும்பாலும் விபி9, ஏவி1 முறைகள்ல அனுப்புது. 2014 சிப்புக்கு அதைத் தானா பிரிக்கற வன்பொருள் வசதி இல்ல, எல்லாத்தையும் பிராசஸரே தலையில சுமக்குது. எச்.264-லயே அனுப்புன்னு யூடியூபைக் கேக்கற ஆட்-ஆன் ஒண்ணு ஃபயர்பாக்ஸ்ல போட்டேன். மிக்ஸி நின்னுது. இந்தத் தப்பு யார் மேலயும் இல்ல, வயசான மெஷின், அவ்வளவுதான். அதனால இதுக்கு நான் சண்டை போடல.

சண்டை அடுத்த கட்டத்துலதான்.

வீட்டு டிவி போன மாசம் கண்ணை மூடிடுச்சு. அம்மா சீரியலுக்காக காசு கட்டற தளம் ஒண்ணு லேப்டாப்ல ஓடணும். (பேர் வேணாம், நீங்களே யூகிச்சுக்கோங்க.) ஃபயர்பாக்ஸ்ல டிஆர்எம் அனுமதிக்கட்டுமான்னு கேட்டுச்சு, சரின்னேன். படம் வந்துது. ஆனா ஆவி பிடிச்ச கண்ணாடி வழியா பாக்கற மாதிரி. குரோம் போட்டுப் பாத்தேன், அதே ஆவி. அம்மா சொன்ன தீர்ப்பு: "உன்னோட லினக்ஸ் சரியில்லடா, மாமா வெச்சிருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

அதே கணக்கு, அதே வைஃபை, நண்பனோட விண்டோஸ் லேப்டாப். பளிச்சுன்னு இருக்கு! கஸ்டமர் கேர்ல கேட்டா "ஆதரவுள்ள சாதனத்தில் பாருங்கள் சார்". அப்புறம் தோண்டிப் பாத்தாத்தான் விஷயம் தெரிஞ்சுது. பூட்டோட பேரு வைட்வைன். கூகுள் 2010-ல வாங்குன கம்பெனி. அதுல எல்1, எல்3னு தரம் பிரிச்சிருக்காங்க. எல்1-னா சாவி சிப்புக்குள்ள, மெஷினோட சொந்தக்காரனே தொட முடியாத இடத்துல இருக்கும். எல்3-னா வெறும் மென்பொருள். சாதாரண லினக்ஸ் லேப்டாப்புக்கு எல்3 மட்டும்தான். எல்3-னு தெரிஞ்சதும் 480-ஓட நிறுத்திடற தளங்கள் இருக்கு, அம்மாவோடது அதுல ஒண்ணு.

காமர்ஸ் பையன், கணக்குப் போடாம இருக்க முடியுமா. 1080-னா 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளி. எனக்கு வர்றது 854 பெருக்கல் 480, 4,09,920 புள்ளி. அஞ்சுல ஒரு பங்கு கூடத் தேறல. என்னோட ஸ்கிரீனே 1366 பெருக்கல் 768தான், முழுசா வந்தாலும் காட்டாது, ஒத்துக்கறேன். ஆனா கடைக்காரர் ஒரு கிலோவுக்குக் காசு வாங்கிட்டு இருநூறு கிராம் போட்டுட்டு, "உங்க பை சின்னது சார்"னு சொல்ல முடியுமா?

"லினக்ஸ்ல பாக்கறவங்க ரொம்பக் கம்மி, அதுக்காக எவன் மெனக்கெடுவான்"னு ஒரு வாதம் வரும். அட போங்கப்பா. சாம்சங் டிவில இருக்கற டைசன், எல்ஜி டிவில இருக்கற வெப்ஓஎஸ், ஆண்ட்ராய்டு டிவி, இது எல்லாத்துக்கும் அடியில இருக்கறது லினக்ஸ் கெர்னல்தான். அதுல 4கே அருவியாக் கொட்டுது. அப்ப லினக்ஸுக்குப் படம் காட்டத் தெரியாம இல்ல. அந்த லினக்ஸுக்குப் பூட்டு போட்டு சாவியைக் கம்பெனி வெச்சிருக்கு. என்னோட லினக்ஸுக்கு நான்தான் முதலாளி, அதான் நான் பண்ணின குத்தம்.

இன்னொரு வாதம் திருட்டு. இதைக் கேட்டாத்தான் சிரிப்பு வருது. ராத்திரி வெளியாகற படம் காலையில டெலிகிராம்ல முழுத் தெளிவோட சுத்துது. அதை எடுத்தவன் பூட்டை எப்பவோ உடைச்சுட்டான். காசு கட்டாதவன் 1080-ல பாக்கறான், காசு கட்டின எங்க அம்மா 480-ல பாக்கறாங்க. பூட்டு யாரைத் தடுத்துச்சு? நம்ம காப்பிரைட் சட்டத்துல 2012-ல சேத்த 65ஏ பிரிவுப்படி, காப்புரிமையை மீறணும்ங்கற எண்ணத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். சரி, நியாயம். பூட்டைக் காட்டி வாங்கின காசுக்குக் கம்மியாக் குடுக்கறவனுக்கு?

ஒரு காலத்துல இது இதைவிட மோசம்னு பெரியவங்க சொல்வாங்க. நெட்ஃப்ளிக்ஸ் சில்வர்லைட்ல ஓடினப்ப லினக்ஸ்காரனுக்கு நேர்வழியே இல்ல, 2014-லதான் குரோம் வழியா கதவு திறந்துச்சு. 2017 செப்டம்பர்ல டபிள்யூ3சி இந்தப் பூட்டுக்கான வழியையே இணையத் தரமா ஆக்கிடுச்சு. அதை எதிர்த்து இஎஃப்எஃப் அமைப்பு அன்னிக்கே விலகிடுச்சு. டிம் பெர்னர்ஸ் லீ ஆதரிச்சாரு. பூட்டு வந்தா எல்லா மெஷின்லயும் ஓடும்ங்கறது அப்ப சொன்ன சமாதானம். ஓடுது சாமி, ஆவி பிடிச்ச மாதிரி.

நம்ம லினக்ஸ் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. "டிஆர்எம் இருக்கற எதையும் தொடாதே, அதான் சுதந்திரம்"னு சொல்றீங்களே, அதை எங்க அம்மாகிட்ட ஒன்பது மணி சீரியலுக்கு முன்னாடி வந்து சொல்லிப் பாருங்க. நானும் கூட நின்னு வேடிக்கை பாக்கறேன்.

நான் கேக்கறது பூட்டை எடுக்கணும்னு கூட இல்ல. காசு வாங்கற பக்கத்துல, பட்டனுக்கு மேல, "இந்தக் கம்ப்யூட்டர்ல 480 மட்டும்தான் வரும்"னு ஒரு வரி. நான் எதுல இருந்து வர்றேன்னு அவங்களுக்கு முதல் நொடியிலயே தெரியும், பிரவுசரே சொல்லிடுது. தெரிஞ்சும் சொல்லாம காசு வாங்கறாங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11): நுகர்வோருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேணும்னே மறைச்சா அதுவும் சேவைக் குறைபாடுதான். பிசினஸ் லா பரிட்சைக்காகப் படிச்சது, முதல் தடவையா வாழ்க்கைல உதவுது :-)

சந்தாவை நிறுத்தலாம்னா அம்மா விடல. போன்லயே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, ஆறு இஞ்சு ஸ்கிரீனை கண்ணாடி போட்டுக்கிட்டு மூக்குகிட்ட வெச்சுப் பாக்கறாங்க. நேத்து 1915-க்கு போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகாரைப் பதிஞ்சுட்டேன். ரெண்டு லேப்டாப்லயும் எடுத்த ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டின ரசீது எல்லாம் ஒரு ஃபோல்டர்ல ரெடியா இருக்கு.