காயிலை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரை அளந்து பாருங்க



போன எபிசோட்ல என்னோட 1992 மாஸ்டா மியாட்டா பத்தி ரெண்டு நிமிஷம் புலம்பினேன். ரெக்கார்டிங் முடிஞ்சதும் நம்ம இணைத் தொகுப்பாளர் கேட்டார்: "முப்பது வருஷப் பழைய வண்டியோட ஸ்பார்க் பிளக் ஒயருக்கும் டெக் பாட்காஸ்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில்தான் இந்த வார மடல்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். ஐடிலிங்ல வண்டி ஒழுங்கா நிக்கும். ஆனா அஞ்சாவது கியர்ல மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி குலுங்கும். மழை நாள்ல இன்னும் மோசம். ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். "1, 4 ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து மிஸ் ஆகுது, காயில் பேக் போச்சு"ன்னாங்க. மாத்தினாங்க. 450 டாலர். மறு வாரம் அதே மேடு, அதே குலுக்கல். திரும்பப் போனா, "இனி இன்ஜெக்டரைப் பார்க்கணும். ஆனா இந்த வண்டிக்கு இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட், வந்த விலைக்குத் தள்ளிடுங்க"ன்னு சொன்னாங்க.

கிட்டத்தட்ட தள்ளியே இருப்பேன்.

அவங்க யோசிச்ச விதம் முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். இந்த எஞ்சின்ல நாலு சிலிண்டருக்கு ரெண்டு காயில்தான். ஒண்ணு 1-க்கும் 4-க்கும், இன்னொண்ணு 2-க்கும் 3-க்கும். ஒரே காயில் ஒரே நேரத்தில் ரெண்டு பிளக்கிலும் பொறி தட்டும். ஒரு சிலிண்டர்ல அது எரிபொருளைக் கொளுத்தும்; இன்னொண்ணுல புகை வெளியேறும் நேரம், பொறி சும்மா போகும். அதனால இதுக்கு 'வேஸ்டட் ஸ்பார்க்'னு பேர். 1-உம் 4-உம் சேர்ந்து படுத்தா காயில் மேல சந்தேகம் வர்றது இயல்பு. ஆனா மின்சாரம் போற வழியைப் பாருங்க: காயில்ல இருந்து ஒரு ஒயர், ஒரு பிளக், எஞ்சின் ஹெட், அடுத்த பிளக், அடுத்த ஒயர், திரும்பவும் காயில். ரெண்டு ஒயரும் ஒரே வட்டத்துல இருக்கு. அதுல ஒண்ணு உள்ளே அறுந்திருந்தாலும் ரெண்டு சிலிண்டருக்கும் அடி விழும்.

இதைத் தெரிஞ்சுக்க என்ன வேணும்? வீட்ல கிடக்கிற 20 டாலர் மல்டிமீட்டர் போதும்.

ஒரு சனிக்கிழமை காலையில, எஞ்சின் நல்லா ஆறினதும் உட்கார்ந்தேன். இந்த ஒயருக்குள்ள செம்புக் கம்பி இருக்காது. கார்பன் ஊறின நார் இருக்கும். ரேடியோவுக்கும் வண்டியோட கம்ப்யூட்டருக்கும் மின் இரைச்சல் போகாம தடுக்க, வேணும்னேதான் ரெசிஸ்டன்ஸ் வெச்சிருக்காங்க. மாஸ்டாவோட சர்வீஸ் கையேட்டு அளவு, மீட்டருக்கு 16 கிலோ ஓம். காயில் பேக் எஞ்சினுக்குப் பின்னாடி, ஃபயர்வால் ஓரமா இருக்கறதால முன்னாடி இருக்கிற ஒண்ணாம் சிலிண்டருக்குப் போற ஒயர்தான் நீளம். மூணு ஒயரும் நீளத்துக்குத் தகுந்த மாதிரி சில கிலோ ஓம் காட்டுச்சு. அந்த நீள ஒயர் மட்டும் ஒண்ணுமே காட்டல. உள்ளே அறுந்திருக்கு.

அப்புறம் எப்படி ஐடிலிங்ல ஓடுச்சு? அறுந்த இடைவெளி சின்னது. ஆயிரக்கணக்கான வோல்ட் அதைத் தாண்டிடும். மேடு ஏறும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், பொறி தட்ட இன்னும் அதிக வோல்ட் வேணும். அப்பதான் குட்டு வெளிப்படும்.

மாத்துற வேலை அரை மணி நேரம்தான். மாத்தப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். நாலையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க. ஒண்ணைக் கழட்டி, அதே நீளத்துல புதுசைப் போட்டுட்டு, அடுத்ததுக்குப் போங்க. ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. பூட்டைப் பிடிச்சு அரைச் சுத்து திருப்பிட்டு மேலே தூக்குங்க. பிளக் இருக்கிற குழிக்குள்ள எண்ணெய் தேங்கியிருந்தா வால்வ் கவர் கேஸ்கெட் கசியுதுன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம புது ஒயர் போட்டா அந்த எண்ணெய் புது ரப்பரையும் சீக்கிரம் கெடுத்துடும். பூட்டுக்குள்ள துளி சிலிகான் கிரீஸ் தடவினா ஈரம் ஏறாது, அடுத்த தடவை சுலபமா கழண்டும் வரும். எஞ்சின் ஓடும்போது ஒயர்ல கை வைக்கவே வைக்காதீங்க. முக்கியமா, மிஸ் ஆகுற வண்டியை "பார்த்துக்கலாம்"னு ஓட்டிட்டே இருக்காதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையும் காலி பண்ணிடும். ஒயர் செட் எனக்கு 40 டாலருக்குள்ள முடிஞ்சது. கன்வெர்ட்டர் அந்த விலைக்கு வராது.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு நான் சொல்லப் போறதில்ல. இப்போதைய பெரும்பாலான வண்டிகள்ல பிளக் ஒயரே கிடையாது. ஒவ்வொரு பிளக் மேலயும் ஒரு காயில். அறுந்து போக ஒயரே இல்லாதது நல்ல இன்ஜினியரிங்தான், ஒத்துக்கறேன். அதைவிட முக்கியமா, அதையும் நாமளே சோதிக்கலாம். அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து ஓபிடி-2 கட்டாயம். ஒண்ணாம் சிலிண்டர் மிஸ் ஆனா பி0301-னு கோட் வரும். அந்தக் காயிலை மூணாவது சிலிண்டருக்கு மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. கோடும் பி0303 ஆச்சுன்னா குத்தவாளி காயில்தான். மாறலைன்னா வேற இடத்துல தேடணும். செலவு பூஜ்யம். என் 1992 வண்டியில இந்த வசதி இல்ல. அந்த விஷயத்துல புது வண்டி என்னுதைவிடத் திறந்த மனசு.

ஆக, சண்டை பழசுக்கும் புதுசுக்கும் இல்ல. "இது பழுது"ன்னு ஒருத்தர் சொன்னா, அதைச் சரிபார்க்க சொந்தக்காரனுக்கு வழி இருக்கா இல்லையா, அதுதான் கேள்வி. 'ரைட் டு ரிப்பேர்'னு பேசும்போது நாம பெரும்பாலும் உதிரிபாகம் கிடைக்குதா, ஸ்க்ரூ கழட்ட முடியுதான்னே பேசறோம். எனக்குக் காயில் பேக் தாராளமா கிடைச்சுது, தாராளமா கழட்டி மாத்தினாங்க. தப்பான பாகத்தை மாத்த எந்தத் தடையும் இருக்கல. இல்லாம போனது, அளந்து பார்க்கற அந்த ஒரு படி.

புது வண்டிகள்ல அந்தப் படிதான் கைநழுவுது. ஓபிடி-2 கதவு சட்டத்தால திறந்தது. ஆனா இப்ப பல தகவல் அந்த சாக்கெட்டைத் தொடாம, வயர்லெஸ்ஸா நேரா கம்பெனிக்குப் போகுது. நான் இருக்கிற மாசசூசெட்ஸ்ல, டீலருக்குத் தர்ற டயக்னாஸ்டிக் தகவலை வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் தரணும்னு 2012-லயே மக்கள் ஓட்டுப் போட்டாங்க. வயர்லெஸ் தகவலுக்காக 2020-ல திரும்பவும் ஓட்டு; சுமார் 75 சதவீதம் பேர் ஆதரிச்சாங்க. வண்டிக் கம்பெனிகளோட கூட்டமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, வருஷக்கணக்கா இழுத்துச்சு. பாதுகாப்பு, ஹேக்கிங்னு அவங்க சொல்ற கவலை பொய்யில்ல. ஆனா அதுக்குத் தீர்வு நல்ல பூட்டும், அதோட ஒரு சாவி சொந்தக்காரன்கிட்டயும் இருக்கறதும்தான். சாவியே தராம இருக்கறது தீர்வு ஆகாது.

நம்மள்ல நிறைய பேர் சாஃப்ட்வேர் ஆட்கள். லாகைப் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்றவரை நாம என்ன சொல்வோம்? ஆனா சொந்த வண்டின்னு வந்தா, "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கார்டைத் தேய்ச்சிட்டு வந்துடறோம். நானும் அப்படித்தான் 450 டாலர் தேய்ச்சேன்.

அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்ல பெரிய பில் சொன்னாங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதை அளந்தீங்க, என்ன ரீடிங் வந்துச்சு?" நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவார். என்ன பதில் வந்துச்சுன்னு இந்த மடலுக்கு ரிப்ளை பண்ணுங்க; அடுத்த எபிசோட்ல வாசிக்கறோம்.

மியாட்டா இப்ப அந்த மேட்டை அஞ்சாவது கியர்லயே ஏறுது. விக்கல.