பெயரும் பாவமும் ஒன்றாய்க் கேட்கும் ஹெட்போன் நமக்கு எதற்கு?

 

நம் டெல்டா ஊர்களில் மக்தப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் கிராஅத் போட்டிகளில், முன்பெல்லாம் குர்ஆன் பிரதியும் டிபன் பாக்ஸும் பரிசாகக் கிடைக்கும். இப்போது அந்த இடத்தைப் புளூடூத் ஹெட்போன் பிடித்துக்கொண்டது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் தகப்பனார் பிள்ளைக்கு முதலில் வாங்கி வருவதும் அதுவே. கொடுப்பவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை; கொடுக்கப்படும் பொருளில்தான் ஐயம். குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளைக்கென நாம் தேடிப் பிடித்து வாங்கும் ரகம், ஓதுதலுக்குப் பொருந்தாத ரகமாக இருக்கிறது. அதைவிடக் குறைந்த விலையில், பொருந்தக்கூடிய ரகம் அதே கடையின் மூலையில் தூசு படிந்து தொங்குகிறது. இதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

இதில் இரு சாராருடன் எனக்கு வழக்கு உண்டு.

முதல் சாரார், ஹெட்போனே கூடாது என்பவர்கள். பிள்ளை கெட்டுப்போகும், பாட்டுக் கேட்கும், உஸ்தாதின் முன் மண்டியிட்டு ஓதும் அதபு போய்விடும் என்கிறார்கள். அவர்களின் கவலையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஒலிபெருக்கி வந்த காலத்தில், தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று இத்துணைக்கண்டத்தின் உலமாக்கள் பல்லாண்டுகள் விவாதித்தார்கள். இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காண்பது அரிது. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1961ஆம் ஆண்டில் குர்ஆன் முழுவதையும் முரத்தலாக ஓதிப் பதிவு செய்தார். அந்தக் குரல் இன்று பாபநாசத்துப் பிள்ளையின் காதுக்கும் எட்டுகிறது என்றால் அது கருவியால் கிடைத்த நன்மை. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் மக்தபுகள் மூடப்பட்டபோது பாடத்தைக் காப்பாற்றியதும் கைபேசிதான். உஸ்தாதுக்கு மாற்றாக எந்தக் கருவியும் ஆகாது. ஆயினும் உஸ்தாதின் குரலைக் கொண்டு சேர்க்கும் கருவியைப் பழிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாம் சாராருடன்தான் என் பெரிய வழக்கு. விலை கூடினால் தரம் கூடும், பேஸ் அதிர்ந்தால் நல்ல ஒலி, கம்பி இல்லையென்றால் நாகரிகம் என்று நம்புகிறவர்கள் இவர்கள். ஜமாஅத் நிர்வாகத்திலும் இருக்கிறார்கள், நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஒரே ரகத்தை ஐம்பது, நூறு என்று மொத்தமாக வாங்கி, ஹிஃப்ழ் மாணவனுக்கும் வயலுக்குப் போகும் இளைஞனுக்கும் காது மந்தமான முதியவருக்கும் ஒருசேரக் கொடுத்து மகிழ்கிறார்கள். எல்லோருடைய காலுக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவோமா?

எழுத்து எங்கே தொலைகிறது?

"இஸ்ம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸீனால் ஓதினால் பெயர். நாவின் நுனி முன்பற்களின் ஓரத்தைத் தொட, ஸேயால் ஓதினால் பாவம். "ஸைஃப்" என்பது ஸீனில் வாள், ஸாதில் கோடைக்காலம். தமிழில் எழுதும்போது இம்மூன்று எழுத்துகளுக்கும் பெரும்பாலும் "ஸ" என்ற ஓர் எழுத்தையே இடுகிறோம். ஏட்டில் ஒன்றாகிவிடும் மூன்றையும் பிரித்துக் கொடுப்பது செவி மட்டுமே. இமாம் இப்னுல் ஜஸரீ எழுத்துகளுக்கு 17 மக்ரஜுகளைக் கணக்கிட்டார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை அந்தப் பதினேழையும் காதால்தான் பிடிக்கவேண்டும். வாய் பின்னர் வரும்.

இப்போது கருவியின் பக்கம் வருவோம். ஸீனின் சீறல் ஓசை பெருமளவுக்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஸேயோ மெல்லிய காற்றோசை. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த உயர்ந்த பகுதிதான். புளூடூத் ஹெட்போனில் பதிவை மட்டும் கேட்கும்போது இப்பகுதி ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆனால் நேரலை வகுப்பில் அதன் மைக்கும் வேலை செய்யத் தொடங்கியவுடன், கருவி தொலைபேசி அழைப்புக்குரிய முறைக்கு மாறிவிடுகிறது. அதில் பழைய வகை, நொடிக்கு 8,000 முறை மட்டுமே ஒலியை அளந்து அனுப்புகிறது. அளக்கும் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டிய அதிர்வு எதுவும் கடந்து வராது என்பது ஒலிப் பொறியியலின் அடிப்படை விதி. அதாவது 4,000 ஹெர்ட்ஸோடு கதவு சாத்தப்படுகிறது. ஸீனும் ஸேயும் பிரியும் வாசலிலேயே பூட்டு! அடுத்த வகை நொடிக்கு 16,000 முறை அளக்கிறது; அது தேவலை. எந்த வகை உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை மலிவு விலை ஹெட்போனின் அட்டை சொல்வதில்லை.

இந்த இழப்பு இருபுறமும் நிகழ்கிறது. உஸ்தாதின் ஸே பிள்ளைக்குத் தெளிவாக வராது. பிள்ளையின் பிழை உஸ்தாதுக்குத் தெளிவாக எட்டாது. நேரில் உட்கார்ந்து ஓதும்போது உடனே பிடிபடும் தவறு, திரைக்கு அப்பால் "மாஷா அல்லாஹ்" பெற்றுக் கடந்துபோகிறது. பிழைக்குப் பாராட்டு கிடைத்தால் அப்பிழை ஊறிவிடும். ஊறிய பிழையைக் களைவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை ஓதிக்கொடுக்கும் எவரும் அறிவர்.

கம்பி உள்ள ஹெட்போனுக்கு இந்தத் தடை இல்லை. இணைய இணைப்பு மோசமாக இருந்தால் கம்பியும் உதவாது என்பது உண்மை. ஆனால் இருக்கும் இணைப்பில் வருவதை அது தானாக மேலும் குறைக்காது.

பேஸ் மயக்கமும் இத்தகையதே. தாழ்ந்த ஓசை மிகுந்தால் அது தனக்கு மேலுள்ள மெல்லோசைகளை மூடிவிடும். செவியின் இயற்கை அது. திரைப்பாடலுக்கு அதிர்வு கூட்டிய ஹெட்போனில் காரீயின் குரல் கம்பீரமாக ஒலிக்கும். எழுத்துகள் மட்டும் போர்வைக்குள் முனகும். கம்பீரத்தைக் கேட்டு மயங்குவதற்கா தஜ்வீத் படிக்கிறோம்?

எதற்கு எது?

நேரலை வகுப்புக்கு: காதை முழுதாகச் சூழும், கம்பியும் மைக்கும் உள்ள ஹெட்போன். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே கிடைக்கிறது. பிளக்கின் உலோக முனையைப் பாருங்கள். மூன்று கருப்பு வளையங்கள் இருந்தால் மைக் உண்டு. இரண்டு மட்டும் இருந்தால் கேட்பதற்கு மட்டுமே. 3.5 மி.மீ. துளை இல்லாத போன் என்றால் டைப்-சி மாற்றி தேவைப்படும். எல்லா மாற்றிகளும் எல்லாப் போன்களிலும் வேலை செய்வதில்லை. எனவே கடையிலேயே செருகி, ஒருவரை அழைத்து, "இஸ்ம்" என்பதை இருவகையாகவும் ஓதிக் காட்டி, எது எது என்று மறுமுனையில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். அட்டையில் அச்சிட்ட எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சோதனை இதுவே.

மனனத்துக்காகப் பதிவுகளை நெடுநேரம் கேட்பவருக்கு: இங்கே மைக் தேவையில்லை, எடை குறைவும் மெத்தையின் மென்மையும் தேவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெக்சின் மெத்தை வியர்வையில் ஊறி உரிந்துபோகும்; மெத்தை கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். பலரும் கேட்டு வாங்கும் சோனி எம்.டி.ஆர்.-இசட்.எக்ஸ்.110 மலிவானது, ஆனால் அது காதின் மேல் அழுந்தி அமரும் ரகம், காதைச் சூழ்வதன்று. நெடுநேரத்துக்கு வலிக்கும். சில ஆயிரம் செலவிட முடிந்தவருக்கு ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் போன்றவை உண்டு. அதன் கம்பி 3 மீட்டர் நீளம், மைக் கிடையாது. ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு உரியது, நடமாட்டத்துக்கு அன்று.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. மக்கனாவின் மேல் ஹெட்போனை வைத்தால் துணியின் மடிப்பு வழியாக இடைவெளி விழும். வெளி இரைச்சல் உள்ளே வரும். கை தானாக ஒலியைக் கூட்டும். வீட்டில் ஓதும்போது மக்கனாவுக்கு உள்ளே அணிவதே நன்று. வாங்கும்போது வளைவு தளர்ந்து கொடுக்கிறதா என்று அணிந்து பார்க்கவேண்டியவர் அந்தப் பிள்ளையே, தகப்பனார் அல்லர்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே தினமும் பேருந்தில் போய்வருபவருக்கு: இரைச்சலை நீக்கும் வசதியுள்ள புளூடூத் ரகம் பொருந்தும்; இங்கே அதை நான் எதிர்க்கவில்லை. அது எஞ்சினின் சீரான உறுமலைக் குறைக்கும், பக்கத்து இருக்கைப் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. அதனால் கிடைக்கும் பெரும்பயன், ஒலியைக் குறைத்து வைத்தே கேட்க முடிவது. ஆனால் பேருந்தை விட்டு இறங்கும்போது அதுவும் காதை விட்டு இறங்கவேண்டும். சாலையைக் கடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் இரு சக்கர வண்டியிலும் காதை மூடுவது பயான் கேட்பதற்காகவே ஆனாலும் தகாது. உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றல்லவா?

வயலில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓட்டுபவருக்கு: ஹெட்போன் வேண்டாம். எஞ்சின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டினால் இரண்டு இரைச்சலும் சேர்ந்து செவியைத் தாக்கும். அவருக்குத் தேவை இரைச்சல் தடுக்கும் காதுறை. பயானை வீடு திரும்பிய பின் கேட்கலாம்.

காது மந்தமான பெரியவருக்கு: ஹெட்போன் வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தகுதியுடையோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் காதொலிக் கருவி விலையின்றிக் கிடைக்கிறது.

அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். 40 மி.மீ., 50 மி.மீ. என்று உள்ளிருக்கும் ஒலிவட்டின் அளவைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பதைக் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் காணலாம். இவ்விரண்டில் எதுவும் ஒலியின் தரத்தைச் சொல்லாது.

செவி யாருடையது?

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம், செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதைப் பற்றியே பயான்களில் பேசுகிறோம். அந்தச் செவியை எப்படி வைத்திருந்தோம் என்பதையும் பேசவேண்டாமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்று எல்லை வகுக்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். "85 டெசிபல் கட்டுப்பாடு, சிறுவர்களுக்குப் பாதுகாப்பானது" என்று விற்கப்படும் ஹெட்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஒலியில் வைத்தால் இக்கணக்கின்படி சிறுவருக்கு வாரம் 4 மணி நேரமே. நம் ஹிஃப்ழ் மாணவன் நாளுக்கு 2 மணி நேரம், வாரத்தில் 6 நாள் கேட்டால் 12 மணி நேரம். பாதுகாப்பானது என்று எழுதியதை நம்பி, எல்லையை மூன்று மடங்கு தாண்டுகிறோம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பேரொலியால் கெடும் செவி முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியைத்தான். ஸீனையும் ஸேயையும் பிரிக்கும் ஓசைகள் தொடங்கும் அதே பகுதி. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கா. குர்ஆனுக்காக வாங்கிய கருவியே குர்ஆனின் எழுத்தைக் கேட்கும் ஆற்றலைப் பறித்துவிடக்கூடும். ஆகவே ஒலியைப் பாதியளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அருகில் நின்று சாதாரணக் குரலில் அழைப்பது பிள்ளைக்குக் கேட்கவில்லையென்றால் ஒலி மிகுதி என்று பொருள். வகுப்பு முடிந்தபின் காதில் இரைச்சல் இருந்தால் அது எச்சரிக்கை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் வள்ளல் பெருமக்களுக்கும் என் கோரிக்கை இது. அடுத்த போட்டிக்குப் பரிசு வாங்குமுன், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தை ஒரு மணி நேரம் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு புளூடூத் ஹெட்போனின் விலையில் கம்பி ஹெட்போன் இரண்டு வாங்க முடிந்தால், இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மேடையில் படம் எடுக்க அது பகட்டாக இராது. வீண்விரயத்தைக் கண்டித்து ஜுமுஆவில் பயான் கேட்கும் சமுதாயம், பரிசு மேடையிலும் அதை நினைவில் கொள்ளட்டும்.

கருவியின் தகுதி, அதன் விலையில் இல்லை. எந்த எழுத்தைக் காதுக்குக் கொண்டு சேர்க்கிறது என்பதில் இருக்கிறது. அல்லாஹ் நம் பிள்ளைகளின் செவியைப் பாதுகாத்து, அவனுடைய வேதத்தை எழுத்துக்கு எழுத்து உரிமை கொடுத்து ஓதும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.