அண்டாவில் ஆறும் குடிநீர்

டெங்குச் செய்திகள் வரத் தொடங்கியதும் தெருமுனைகளில் நிலவேம்புக் குடிநீர் அண்டாக்களும் வந்துவிடும். கட்சிக்கொடி, மன்றப் பதாகை, காகிதக் கோப்பை, வரிசை என்று நீர்மோர்ப் பந்தலைப் போலவே இதுவும் ஒரு தொண்டாகிவிட்டது. சிக்கலும் அங்கேதான். நீர்மோர் தாகத்துக்கு, யார் எவ்வளவு குடித்தாலும் கணக்கில்லை. குடிநீரோ சித்த மருத்துவம் வகுத்த 32 அக மருந்துகளில் ஒன்று. அதற்கு ஆள், அளவு, வேளை மூன்றும் உண்டு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகளை இடித்து, நீரிலிட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். அப்படி இறக்கிய குடிநீருக்குச் சித்த மருத்துவம் தரும் ஆயுள் மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சி மாலைவரை அண்டாவில் கிடப்பது சித்தர் கணக்கிலேயே மருந்தல்ல, கசப்புத் தண்ணீர்.

முறைப்படி காய்ச்சினால் டெங்குவுக்குக் கேட்குமா என்பது அடுத்த கேள்வி. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே இதை மருத்துவமனைகளில் வழங்கியது. 2017-ல், முறையான ஆய்வு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரிடம் சொன்னபோது, அது சித்த மருத்துவத்துக்கு எதிரான பேச்சாகவே பார்க்கப்பட்டது. 2020-ல் கொரோனாவுக்கென்று வந்த கபசுரக் குடிநீருக்கும் இதே சண்டை. நிலவேம்புக் குடிநீர் டெங்கு வைரஸைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடச் செல்களில் செய்த சோதனைகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் கண்ணாடித் தட்டில் வைரஸை அடக்கும் பொருள்கள் ஏராளம். மனித உடலுக்குள் அதே வேலையைச் செய்பவை சொற்பம். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானே தணிந்துவிடும். கஞ்சி மட்டும் குடித்தவரும் பிழைக்கிறார், கசாயம் குடித்தவரும் பிழைக்கிறார். பேர் மட்டும் கசாயத்துக்குப் போகிறது.

"குடித்தால் கெடுதல் இல்லையே" என்பார்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் தொடங்குகிறது. அப்போது வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ கண்டும், குடிநீரை நம்பி ஒருநாள் வீட்டில் காத்திருப்பதுதான் கெடுதல். தவிர, மூலிகை என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறுக்கட்டும். சாதாரண டீ மீது இப்படியொரு வழக்கு வருவதில்லை என்பதே இவை வீரியமுள்ள சரக்குகள் என்பதற்குச் சாட்சி.

ஆயிரம் ஆண்டு அனுபவத்துக்கு ஆய்வு எதற்கு என்பது இன்னொரு வாதம். சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு அந்த அனுபவம் நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் கிடைத்தது. மலேரியாவுக்கு ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது அந்நூல், காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயப்பட்டவர், 1971-ல் குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015-ல் நோபல் பரிசு வந்தது. பழைய நூலை மதித்ததும், அதைச் சோதித்ததும் ஒரே ஆள்தான்.

காப்புரிமை கிடைக்காத கசாயத்துக்கு எந்த நிறுவனமும் ஆய்வுப் பணம் போடாது என்பது மட்டும் நியாயமான வாதம். அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். விநியோகத்துக்குப் பணம் இருந்ததே! சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, டெங்கு நோயாளிகள் ஆண்டுதோறும் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பாதிப்பேருக்குக் குடிநீரும், மறுபாதிக்கு அதே கசப்புள்ள வேறு நீரும் கொடுத்து, எத்தனை நாளில் யார் வீடு திரும்பினார்கள் என்று அரசு எண்ணிச் சொல்லட்டும். அதுவரை தாகத்துக்கும் தொண்டைக்கும் சுக்குமல்லிக் காப்பி போதும். அண்டாக்களை மோருக்கே விட்டுவிடுங்கள்.